உமிச்சாம்பல் வினையூக்கியும் அந்த ‘ஐந்து முறை’ அட்டவணையும்

மன்னார்குடிப் பக்கம் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: “அசைலேற்ற (மூலக்கூறில் அசெட்டைல் போன்ற அமிலத் தொகுதியை ஏற்றும்) வினைகளுக்கு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய திண்ம வினையூக்கி ஒன்றைச் செய்து ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும். ஊரில் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல் குவிந்து கிடக்கிறது, அதிலிருந்து சிலிக்கா எடுக்கலாம் என்கிறார் கைடு. படித்த கட்டுரைகளில் எல்லாம் ஐந்து முறை பயன்படுத்தி 95 சதவீதத்துக்கு மேல் விளைச்சல் காட்டுகிறார்கள். எங்கள் கல்லூரியில் ஜிசி (வாயு குரோமட்டோகிராஃபிக் கருவி) கிடையாது. எந்த வினையூக்கியை, எந்த வினையை எடுப்பது?”

தம்பி, உமிச்சாம்பல் நல்ல தேர்வு, தைரியமாக எடுங்கள். எனக்கு உறுத்துவது அந்த ஐந்து முறை அட்டவணைதான். ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் ஐந்து கட்டங்கள் இருக்கும்: 98, 98, 97, 97, 96. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வினையூக்கி தேய்கிறதா இல்லையா என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்லவே முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது வினையூக்கியோடு 10 நிமிடத்தில் 99 சதவீதம் முடிந்துவிடுகிற முதல்படி வினை (மிஞ்சியிருக்கும் பொருளின் அளவுக்கு ஏற்ப வேகம் குறையும் வகை) ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். வேக மாறிலி நிமிடத்துக்கு 0.46 என்று வரும். செய்கிறவர் அதை 10 நிமிடத்தில் நிறுத்துவதில்லை, 2 மணி நேரம் கலக்கவிட்டுத்தான் நிறுத்துகிறார். இப்போது ஒவ்வொரு முறையும் வினையூக்கி தன் வலுவில் சரிபாதியை இழக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டாம் முறை அரை, மூன்றாம் முறை கால், நான்காம் முறை அரைக்கால், ஐந்தாம் முறை மாகாணி. பதினாறில் ஒரு பங்கு வலுதான் மிச்சம். அப்போதும் 2 மணி நேரத்தில் வினை எவ்வளவு முடியும் தெரியுமா? முதல் நான்கு முறையும் 99.9 சதவீதம், ஐந்தாம் முறை 97. ஆறாம் முறைதான் 82க்கு இறங்கும். அட்டவணை ஐந்தோடு நின்றுவிடும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அளக்க வேண்டியதை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் ப்ராஜெக்டில் வேகத்தை அளங்கள். வினை 20, 30 சதவீதம் போயிருக்கும் நேரத்தில் மாதிரி எடுத்து, புது வினையூக்கிக்கும் மூன்றாம் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் ஆரம்ப வேகம் என்ன என்று ஒப்பிட்டாலே போதும். நூறு கட்டுரைகளில் இல்லாத ஒரு தகவல் உங்கள் கையில் இருக்கும்.

இந்தத் திண்ம வினையூக்கிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வைவாவில் கேட்பார்கள். 1877ல் பாரிஸில் சார்ல்ஸ் ஃப்ரீடலும் ஜேம்ஸ் மேசன் கிராஃப்ட்ஸும் அலுமினியம் குளோரைடை வைத்து பென்சீன் வளையத்தில் கார்பன் தொகுதிகளை ஏற்றிக் காட்டினார்கள். பாடப்புத்தகம் அலுமினியம் குளோரைடை வினையூக்கி என்று சொல்லிக்கொடுக்கிறது. வெறும் கார்பன்-ஹைட்ரஜன் தொகுதியை ஏற்றும் அல்கைலேற்றத்துக்கு அது சரி. அசைலேற்றத்தில் கதை வேறு. உருவாகும் கீட்டோனின் ஆக்சிஜன் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆகவே ஒரு மோல் அசைல் குளோரைடுக்கு ஒரு மோலுக்குச் சற்று மேல் அலுமினியம் குளோரைடு போட வேண்டும். அன்ஹைட்ரைடு என்றால் இரண்டு மோலுக்கும் மேல். கடைசியில் தண்ணீர் ஊற்றி அந்தப் பிணைப்பை உடைத்தால்தான் பொருள் கைக்கு வரும். போட்ட அலுமினியம் முழுக்கக் கழிவாகவும் குளோரைடு அமிலமாகவும் வெளியே போகும்.

அனிசோலிலிருந்து (மீத்தாக்சி தொகுதி ஏற்றிய பென்சீன்) 4-மீத்தாக்சி அசெட்டோபினோன் என்ற கீட்டோன் ஒரு கிலோ செய்ய வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். மூலக்கூறு எடை 150, ஆக 6.66 மோல். 1.1 மடங்கு அலுமினியம் குளோரைடு என்றால் 977 கிராம். ஒரு கிலோ சரக்குக்கு ஒரு கிலோ ‘வினையூக்கி’! அதைத் தண்ணீரில் கொட்டிக் காரம் போட்டு நடுநிலையாக்கினால் கிடைப்பது வெள்ளை வெள்ளையான ஹைட்ராக்சைடுச் சேறும் உப்புத் தண்ணீரும். நம் பக்கம் எந்தச் சாக்கடையும் ஏதாவது ஒரு வாய்க்காலில்தான் போய் விழுகிறது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் கரைந்த அலுமினியம் வேர் நுனியைக் கருக்கும் என்பது வேளாண்மை படித்த யாருக்கும் தெரியும். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டபோது எண்ணெய்க் கிணறுகளையும் உருக்காலைகளையும் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கல்லூரி ஆய்வகத் தொட்டி சிறிய விஷயம்தான், ஆனாலும் அதில் தினமும் என்ன ஊற்றுகிறோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்றாகத் தொழிற்சாலை அளவில் ஜெயித்த உதாரணமும் அதே அனிசோல்தான். 1990களில் பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனம், பின்னாளில் ரோடியா, பீட்டா ஜியோலைட் என்ற நுண்துளைகள் நிறைந்த திண்ம அமிலத்தை நிலைப்படுகையாக ஒரு குழாயில் நிரப்பி அனிசோலையும் அசெட்டிக் அன்ஹைட்ரைடையும் அதன் வழியே ஓடவிட்டது. கரைப்பான் கிடையாது. துணைப்பொருள் அசெட்டிக் அமிலம் மட்டும். பழைய முறையில் ஒரு கிலோ விளைபொருளுக்கு 4.5 கிலோ கழிவுநீர், புதிய முறையில் 0.035 கிலோ என்று பசுமை வேதியியல் நூல்களில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். வடிகட்டுதல், கழுவுதல், நடுநிலையாக்குதல் என்று நீளும் படிகளும் கூடவே காணாமல் போயின.

ஜியோலைட் அங்கே ஏன் வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். பீட்டாவின் பெரிய துளைகள் ஏறக்குறைய 0.66 நானோமீட்டர் அகலம். பென்சீன் வளையமும் அதன் நேரெதிர் மூலையில் ஒரு அசெட்டைல் தொகுதியும் நீளவாக்கில் நழுவி வெளியேறப் போதுமான இடம். இசட்எஸ்எம்-5 என்ற இன்னொரு ஜியோலைட்டின் துளை 0.55க்குப் பக்கம், அதற்குள் இந்தச் சமாச்சாரம் திணறும். அப்படியிருந்தும் பீட்டாவுக்கு ஒரு நோய் உண்டு. விளைபொருளான கீட்டோன் அனிசோலைவிட முனைவுத்தன்மை கூடியது என்பதால் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு இடம் விடாது. அனிசோலை மிகையாக வைத்து, குழாயில் தொடர்ந்து ஓடவிட்டால் கீட்டோன் உடனுக்குடன் கழுவப்பட்டுவிடும். குடுவையில் போட்டு மணிக்கணக்கில் கலக்கினால் அந்தக் கழுவல் நடக்காது. நாம் செய்வது குடுவையில். இதை மறந்துவிட்டு “பீட்டா ஜியோலைட் தொழிற்சாலையில் ஓடுகிறதே, எனக்கு ஏன் படுத்துவிட்டது?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. அனிசோல், வெராட்ரோல், 2-மீத்தாக்சி நாப்தலீன் மாதிரி எலெக்ட்ரான் செழித்த வளையங்களுக்குத்தான் திண்ம அமிலங்கள் நன்றாக ஓடும். டொலுவீனுக்கே மூச்சு வாங்கும். குளோரோபென்சீனை நினைக்கவே வேண்டாம். அலுமினியம் குளோரைடு இன்னும் ஆலைகளில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் அல்ல, இந்த வரம்புதான்.

மீட்டுப் பயன்படுத்த ஒரு வினையூக்கி திண்மமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இபுபுரோஃபென் செய்யும் மூன்று படி முறையில், 1992ல் டெக்சாஸின் பிஷப் நகரில் தொடங்கிய ஆலையில், ஐசோபியூட்டைல் பென்சீனை அசைலேற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடையே கரைப்பானாகவும் வினையூக்கியாகவும் வைத்து, காய்ச்சி மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அதற்குமுன் இருந்தது ஆறு படி முறை. மறுபயன்பாடு அங்கே பிரமாதம். ஆனால் அந்தப் பொருளை உங்கள் ஆய்வக வாசல்படிக்குள்கூட விடக்கூடாது.

சரி, கடைக்கும் கட்டுரைகளுக்கும் வருவோம். திண்ம அமிலங்கள் என்று நிறையப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

சல்ஃபோனிக் அமிலம் ஏற்றிய பாலிஸ்டைரீன் பிசின்கள், ஆம்பர்லிஸ்ட்-15 மாதிரி, மிகவும் நம்பகமானவை. கிராமுக்கு 4.7 மில்லிஈக்விவலென்ட் (இங்கே மில்லிமோல் என்றே கொள்ளலாம்) அமிலம், 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக்கூடாது. இந்தியாவிலேயே இண்டியான் பெயரில் இந்த வகைப் பிசின்கள் கிடைக்கின்றன. அமிலத்தையும் ஆல்ககாலையும் சேர்த்து எஸ்டராக்கும் வினைகளுக்குத் தொழில்துறை இதைத்தான் வைத்திருக்கிறது. உங்கள் உமிச்சாம்பல் வினையூக்கியை எதோடு ஒப்பிடுவது என்றால் இதோடுதான் ஒப்பிட வேண்டும். கட்டுரைகளில் பெரும்பாலும் இது பக்கத்தில் வராது. வந்தால் புதுச் சரக்கு தோற்றுவிடும் என்று ஒரு பயம் இருக்கலாம்.

மாண்ட்மோரில்லோனைட் கே10 என்ற களிமண் மலிவு, பாதுகாப்பு, சுமாரான வலு. அதன்மேல் துத்தநாக குளோரைடு ஏற்றினால் அல்கைலேற்றத்தில் நன்றாகப் பாயும். அசைலேற்றத்தில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். சல்ஃபேட் ஏற்றிய சிர்க்கோனியா 1979ல் ஹினோ, அராடா என்ற ஜப்பானியர்கள் அறிவித்தது. மிக வலுவான அமிலம், ஆனால் தண்ணீரோ ஆல்ககாலோ பட்டால் சல்ஃபேட் மெல்லக் கழன்று வரும். 2005ல் இன்னொரு ஜப்பானியக் குழு சர்க்கரையை அரைகுறையாகக் கரியாக்கிக் கந்தக அமிலத்தில் சல்ஃபோனேற்றிச் செய்த வினையூக்கி பெரும் பேச்சானது. கரும்பு விளையும் ஊர்க்காரர்களான நமக்கு ஆசை வரத்தான் செய்யும். அதிலும் சிறிய சல்ஃபோனேற்றத் துண்டுகள் கரைந்து வெளியேறும் பிரச்சினை இருக்கிறது.

பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தைச் சிலிக்காவில் ஊறவைத்துக் காயவைப்பது மிகச் சுலபம், அதனால்தான் அவ்வளவு பேர் செய்கிறார்கள். அந்த அமிலம் தண்ணீரிலும் ஆல்ககாலிலும் அசெட்டோனிலும் கரையும். சாயம் போகும் வேட்டியைப் போல ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். வினையை நடத்துவது கீழே கிடக்கும் தூளா, மேலே கரைந்து நிற்கும் அமிலமா என்று கண்ணால் சொல்ல முடியாது. சீசியம் உப்பாக மாற்றினால் கரைதிறன் போய்விடும், ஆனால் துகள் அவ்வளவு நுண்ணியதாகிவிடும் என்பதால் வடிதாளில் நிற்காது.

குளோரோசல்ஃபோனிக் அமிலத்தைச் சிலிக்கா மேல் சொட்டவிட்டுச் செய்யும் ‘சிலிக்கா சல்ஃபூரிக் ஆசிட்’ இந்தியக் கல்லூரிகளில் மிகப் பிரபலம். என் கருத்தில் இதை மறுபயன்பாட்டு வினையூக்கி என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். சிலிக்கானுக்கும் கந்தகத்துக்கும் நடுவே ஆக்சிஜன் பாலம் இருப்பதால் தண்ணீர் பட்டால் அது உடைந்து வெறும் கந்தக அமிலம் வெளியே வரும். எஸ்டராக்கும் வினையில் தண்ணீர் உருவாகிக்கொண்டே இருக்குமே! செய்யும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும் தொல்லை வேறு.

உமிச்சாம்பலில் நான் சொல்லும் வழி கொஞ்சம் நீளம், கொஞ்சம் நாற்றம், ஆனால் நிற்கும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. நூறு கிலோ நெல்லுக்கு நான்கு கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். புழுங்கல் ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பல் கறுப்பாக இருக்கும். எரியாத கரி அதற்கு ஒரு காரணம். உமியில் இருக்கும் பொட்டாசியம் சூட்டில் சிலிக்காவை உருகவைத்துக் கரியை உள்ளே அடைத்துவிடுவது இன்னொரு காரணம். அப்படி அடைபட்ட கரியை மறுபடி எவ்வளவு சுட்டாலும் போகாது. கொதிகலன் சூடு அதிகமான இடத்தில் சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகவும் மாறியிருக்கும். அது காரத்தில் சரியாகக் கரையாது, அதன் நுண்தூசி நுரையீரலுக்கும் கேடு.

ஆகவே முடிந்தால் சாம்பலை விட்டு உமியையே வாங்குங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சிக் கழுவினால் பொட்டாசியம் போய்விடும். பிறகு மஃபிள் ஃபர்னஸில் 600 டிகிரியில் சுட்டால் பால் மாதிரி வெள்ளைச் சாம்பல், படிகமாகாத சிலிக்கா. அதைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, வடிகட்டி, அமிலம் சொட்டு சொட்டாக விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்தால் கூழ் உறையும். நாள் முழுக்க ஆறவிட்டு, உப்புப் போகும்வரை கழுவி, காயவையுங்கள். உப்பு போய்விட்டதா என்று வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்கலாம். மில் சாம்பலில் தொடங்கினாலும் காரத்தில் கரைத்து வடிகட்டும்போது கரி தாளில் நின்றுவிடும், விளைச்சல்தான் குறையும்.

அந்தச் சிலிக்காவை டொலுவீனில் 3-மெர்காப்டோபுரோப்பைல் டிரைமீத்தாக்சி சிலேன் என்ற கந்தகமுள்ள சிலிக்கான் சேர்மத்தோடு கொதிக்கவிட்டால் கந்தகம் ஒரு கார்பன் சங்கிலி வழியாகச் சிலிக்கானில் பிணையும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனேற்றினால் அந்தக் கந்தகத் தொகுதி (தயால்) சல்ஃபோனிக் அமிலமாகும். நீர்த்த கந்தக அமிலத்தில் ஒருமுறை அலசி, பிறகு தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் துளிக்கூட வெண்மை தட்டக்கூடாது. அதுவரை நிறுத்த வேண்டாம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும் கந்தக அமிலத்தின் வேலையை உங்கள் வினையூக்கியின் சாதனையாக எழுதிவிடுவீர்கள். கார்பன் பாலம் என்பதால் சாதாரண வெப்பத்தில் தண்ணீர் அதை எளிதில் உடைக்காது.

அமில அளவை அறியக் கருவி எதுவும் வேண்டாம். எடை போட்ட வினையூக்கியை நிறைவுற்ற உப்புக் கரைசலில் சில மணி நேரம் கலக்கி வடிகட்டினால் சோடியம் உள்ளே போய் ஹைட்ரஜன் அயனி வெளியே வந்திருக்கும். பினால்ப்தலீன் போட்டு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பாருங்கள் (டைட்ரேஷன்). கிராமுக்கு ஒரு மில்லிமோல் அளவில் வந்தால் நன்று. இதையே ஒவ்வொரு மறுபயன்பாட்டுக்குப் பிறகும் ஒரு சிட்டிகை எடுத்துச் செய்தால் அமிலம் குறைகிறதா என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். வேகம் குறைந்து அமில அளவு குறையாவிட்டால் துளைகளை ஏதோ அடைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் கசிவு, அதாவது அமிலம் தூளிலிருந்து கழன்று போகிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டினாலே ப்ராஜெக்டுக்கு எலும்பு வந்துவிடும்.

வினையை எடுத்துக்கொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அனிலீனை அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு சேர்த்து “என்-அசைலேற்றம், 5 நிமிடம், 99 சதவீதம்” என்று போட்ட கட்டுரைகள் ஏராளம். தம்பி, அந்த வினைக்கு வினையூக்கியே தேவையில்லை. அறை வெப்பத்தில் கலந்தாலே சூடேறி அசெட்டனிலைடு விழும். போதாக்குறைக்கு அனிலீன் ஒரு காரம், உங்கள் அமிலத்தைத் தானே விழுங்கிவிடும். பென்சைல் ஆல்ககாலும் அன்ஹைட்ரைடும்கூடச் சூடாக்கினால் தானாகவே கணிசமாகப் போகும். வினையூக்கி இல்லாமல் ஒரு பிளாங்க், வெறும் சிலிக்கா மட்டும் போட்டு இன்னொரு பிளாங்க். இந்த இரண்டும் இல்லாத அட்டவணையை நான் படிப்பதையே விட்டுவிட்டேன்.

ஜிசி இல்லை என்ற கவலையும் வேண்டாம். அசெட்டிக் அமிலமும் என்-பியூட்டனாலும் சேர்த்து எஸ்டராக்குங்கள். அதுவும் ஆக்சிஜன் மேல் நடக்கும் அசைலேற்றம்தான். மீதியிருக்கும் அமிலத்தை ப்யூரட்டில் தரம்பார்த்தால் எவ்வளவு முடிந்தது என்று அங்கேயே தெரியும். சம மோல் எடுத்தால் சமநிலை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நின்றுவிடும். அங்கே போய் நின்றபிறகு அளந்தால் நல்ல வினையூக்கிக்கும் மோசமான வினையூக்கிக்கும் ஒரே எண்தான் வரும், அதனால் தொடக்கத்திலேயே அளக்க வேண்டும். தண்ணீர் உருவாகும் வினை என்பது இன்னொரு வசதி: கசியக்கூடியது எதுவானாலும் இங்கே கசிந்துவிடும். கடுமையான பரீட்சை.

அதில் நன்றாக வந்தால் அன்ஹைட்ரைடுக்குப் போகலாம். அங்கேயும் ப்யூரட் போதும். எண்ணெய்களின் ஹைட்ராக்சில் எண் பார்க்கும் பழைய முறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வினைபுரியாத அன்ஹைட்ரைடு ஒரு மோல் தண்ணீரோடு சேர்ந்து இரண்டு மோல் அமிலம் தரும். ஆல்ககாலோடு வினைபுரிந்திருந்தால் ஒரு மோல்தான் வரும். வித்தியாசம்தான் எஸ்டர். ஒரு நடைமுறைச் சிக்கல்: அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஹெராயின் தயாரிப்பில் பயன்படுவதால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். துறையின் வழியாகத்தான் வாங்க வேண்டும், எவ்வளவு வாங்கி எவ்வளவு செலவானது என்று பதிவேடும் வேண்டும். ப்ராஜெக்ட் தொடங்கும் வாரத்திலேயே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

அனிசோல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் சல்ஃபோனிக் சிலிக்காவை விட்டுவிட்டு பீட்டா ஜியோலைட் வாங்குங்கள். பெரும்பாலும் அம்மோனியம் வடிவத்தில் வரும். 550 டிகிரியில் சில மணி நேரம் சுட்டால் அம்மோனியா போய் அமில வடிவம் மிஞ்சும். பயன்படுத்திப் பழுப்பேறியதையும் அதே சூட்டில் காற்றில் சுட்டுத் திரும்ப வெளுக்கலாம், உங்கள் சல்ஃபோனிக் சிலிக்காவை அப்படிச் சுட்டால் சல்ஃபோனிக் தொகுதியும் சேர்ந்து எரிந்துவிடும். விளைபொருள் 38 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் கத்திரி வெயிலில் மன்னார்குடியில் அது படிகமாக நிற்காது, ஐஸ் இல்லாமல் வடிகட்ட உட்காராதீர்கள். மாதிரிகளை ஜிசிக்கு வெளியே அனுப்ப வேண்டிவரும், திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கேட்டுப் பாருங்கள்.

கசிவுச் சோதனை கட்டாயம் செய்யுங்கள். வினை பாதி தூரம் போனதும், ஆறவிடாமல், அதே சூட்டில் வடிகட்டித் தூளைப் பிரித்துவிட்டு, தெளிந்த திரவத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்குங்கள். பிறகும் வினை முன்னேறினால் வேலை செய்வது கரைந்த அமிலம். ஏன் சூடாக வடிகட்ட வேண்டும் என்றால், ஆறும்போது கரைந்தது சில நேரம் தூளின்மேல் திரும்பப் படிந்து நம்மை ஏமாற்றும். திரவம் பிளாங்க் அளவில் மட்டும் நகர்ந்தால் தப்பித்தீர்கள்.

கூடவே உங்களுக்கு இளங்கலையிலிருந்தே பழக்கமான உப்புப் பகுப்பாய்வும் கைகொடுக்கும். அந்தத் தெளிந்த திரவத்தைத் தண்ணீரோடு குலுக்கி நீர்ப்பகுதியைச் சோதியுங்கள். சல்ஃபேட் ஏற்றிய சரக்கு என்றால் பேரியம் குளோரைடு வெள்ளையாக விழுகிறதா, துத்தநாகக் களிமண் என்றால் பொட்டாசியம் ஃபெரோசயனைடு வெள்ளை தட்டுகிறதா, பாஸ்போடங்ஸ்டிக் என்றால் ஸ்டேனஸ் குளோரைடில் நீலம் வருகிறதா என்று பாருங்கள். கார்பன் சங்கிலியோடு பிய்ந்துவந்த சல்ஃபோனிக் அமிலத்தை பேரியம் காட்டிக்கொடுக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள், அதற்கு மேலே சொன்ன தரம்பார்த்தல்தான் வழி.

வினையூக்கி அளவையும் வெறும் கிராமில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஒரு மில்லிமோல் ஆல்ககாலுக்கு அரை கிராம் வினையூக்கி போடுகிறார்கள் என்று வையுங்கள். கிராமுக்கு ஒரு மில்லிமோல் அமிலம் என்றால் உள்ளே இருப்பது அரை மில்லிமோல். ஐந்து முறை முழுதாக முடிந்தாலும் ஒரு அமில இடம் மொத்தமே பத்து மூலக்கூறைத்தான் மாற்றியிருக்கிறது. இதற்குப் பதில் ஒரு கிராமுக்கு 50 மில்லிமோல் பியூட்டனால் எடுத்து ஒரே ஓட்டத்தில் 60 சதவீதம் போனால் அந்தக் கணக்கு முப்பது. ஒரே ஒரு முறை பயன்படுத்தியும் முந்தையவரை மூன்று மடங்கு தாண்டிவிட்டீர்கள். ஒப்பிடும்போதும் அதே அமில மோல் அளவுக்கு ஆம்பர்லிஸ்ட், அதே மோல் அளவுக்கு பாரா-டொலுவீன் சல்ஃபோனிக் அமிலம் என்று வைத்து ஓட்டுங்கள்.

மறுபயன்பாட்டில் தூள் சிந்துவதும் உண்டு. வடிதாளில் ஒட்டியது, குடுவைச் சுவரில் படிந்தது என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். எடை குறைந்ததை மறைக்க அடுத்த முறை புதுத் தூள் கலந்து சரிக்கட்டக்கூடாது. மிஞ்சிய எடைக்கு ஏற்ப மற்றப் பொருள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதையும் எழுதிவையுங்கள். காந்த இரும்பு ஆக்சைடை உள்ளே வைத்துச் சிலிக்கா பூசினால் காந்தத்தாலேயே எடுத்துவிடலாம் என்று கட்டுரைகள் காட்டும். வசதிதான், ஆனால் அமிலம் பூச்சுக்குள் புகுந்தால் இரும்பு கரைந்து, அந்த இரும்பு அயனியே வினையை ஊக்கும். முதல் ப்ராஜெக்டில் அந்தச் சிக்கலுக்குள் போகாதீர்கள்.

பெர்குளோரிக் அமிலத்தைச் சிலிக்காவில் ஏற்றும் முறையையும் யாராவது பரிந்துரைப்பார்கள். அசெட்டைலேற்றத்துக்கு அது அபாரமாக ஓடும் என்பது உண்மை. உலர்ந்த பெர்குளோரேட்டும் கரிமப் பொருளும் சேர்ந்தால் வெடிக்கும் என்பதும் உண்மை. மூத்தவர் பக்கத்தில் இல்லாத ஆய்வகத்தில் அதைத் தொட வேண்டாம். 

கடைசியாக, நேரம். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஆய்வகத்தில் இருப்பீர்கள் என்றால் அடைமழைக் காற்றில் சிலிக்காவும் ஜியோலைட்டும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எடை தவறும், அன்ஹைட்ரைடில் ஒரு பகுதி அசெட்டிக் அமிலமாகவே போய்விடும், திங்கள்கிழமை கிடைத்த வேகம் வியாழக்கிழமை கிடைக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் 110 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து, டெசிகேட்டரில் ஆறவிட்டு எடை போடுங்கள். புதுத் தூளுக்கும் ஐந்தாம் முறைத் தூளுக்கும் இந்த உலர்த்தல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சிலிக்கா செய்து பிணைப்பதற்கு ஒரு மாதம் ஒதுக்கி, வேக அளவீடுகளை முடிந்தால் தை பிறந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.